நூற்றறுபத்தெட்டு சென்ரிமீற்றருக்கு ஒரு சுற்று

கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். துவக்குக்கு எந்தக் குழாய் வாங்கலாம் என்று கேட்பார்கள். வைலே நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் கடைசல் இயந்திரத்தில் நின்றவன் நான். இரும்புக்குள் வெட்டிய புரியைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கிளப்பின் தலைவர் பிரெபென், நான் வாயைத் திறந்தாலே, நித்தியா தொடங்கிவிட்டான், இனி எல்லோருக்கும் கோப்பி ஆறிவிடும் என்று பகிடி பண்ணுவார்.

நேற்று விசாரணையில் நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். உங்கள் சம்பந்திக்கு ஏன் அந்தக் குழாயைச் சிபாரிசு செய்தீர்கள் என்று. நான் டேனிஷில் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். அதனால் தாள் கேட்டு வாங்கித் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க வருகிற அஜந்தினி என்ற பிள்ளை உங்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். என் முழுப்பெயர் நித்தியானந்தன், வயது அறுபத்திரண்டு, சைவம், மரக்கறி மட்டும். எனக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

முதலில் துவக்கைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் கிளப்பில் சுடுவது இடியன் துவக்கால். தோட்டா என்று ஒன்று கிடையாது. குழாயின் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, நீளத் தடியால் இடித்து இறக்கவேண்டும். வன்னிப் பக்கம் பன்றி சுடுகிறவர்கள் வைத்திருந்த சாமான்தான். இங்கே பொலிஸ் அனுமதியோடு, சனிக்கிழமைகளில், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு கடுதாசி வட்டத்தைப் பார்த்துச் சுடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

குழாயின் உட்பக்கம் புரி வெட்டியிருக்கும். அது சுழன்று சுழன்று போய் குண்டையும் சுழற்றி அனுப்பும். எத்தனை சென்ரிமீற்றருக்குள் அந்தப் புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதைத்தான் பார்த்து வாங்கவேண்டும். நீளக் குண்டு சுடுகிறவருக்கு எழுபத்தொரு சென்ரிமீற்றரில் ஒரு சுற்று வேண்டும், வேகமாகச் சுழலாவிட்டால் அது காற்றில் புரண்டு கடுதாசியைப் பக்கவாட்டில் கிழிக்கும். உருண்டைக் குண்டுக்கு அவ்வளவு தேவையில்லை. நூற்றறுபத்தெட்டுக்கு ஒரு சுற்று போதும். அதை வேகமான குழாயில் போட்டு மருந்தையும் கூட்டினால் புரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நூற்றிருபத்திரண்டு என்று நடுவில் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஓரளவு பொருந்துகிற எதுவும் எனக்குப் பிடிக்காது.

இன்னொரு விஷயம். உருண்டைக் குண்டு குழாயைவிடக் கொஞ்சம் சிறியது. அது புரியைப் பிடிக்க, அதைச் சுற்றி ஒரு துண்டுத் துணி வைத்து இடிக்கவேண்டும். நீளக் குண்டுக்குத் துணி வேண்டாம், மெழுகைப் பூசி அப்படியே இறக்கலாம். துணி வைக்கிறவர்கள் அதை ஈரமாக்கவேண்டும். என்னைப் போல ஒருசிலர் தேன்மெழுகும் ஒலிவ் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் துணியை வாயில் போட்டு எச்சிலில் நனைப்பார்கள். குண்டு, துணி, வாய். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் உங்களுக்குப் போதும்.

ஸ்ரனிஸ்லாஸ் என் சம்பந்தி. என் ஒரே மகள் அபிதாவை அவருடைய மகன் றொனிஷன் கட்டியிருக்கிறான். மன்னார்க் கரையில் இருந்து வந்த வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஸ்ரனிஸ்லாஸ் ரண்டர்ஸில் இருந்துகொண்டு இருபத்தாறு வருஷம் பன்றி அறுக்கிற தொழிற்சாலைக்குப் போனவர். தோள்மூட்டு தேய்ந்து, இரண்டு விரல் மடங்காமல் போய், நேரத்தோடு பென்சன் எடுத்தார். அதற்குள் பேத்தி பிறந்தாள். உடனே ரண்டர்ஸ் வீட்டை விட்டுவிட்டு மனைவி மேரிகிறேஸோடு வைலேக்கு வந்து, அபிதா வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடியேறிவிட்டார். நான் இருபது நிமிஷம் காரில் போகவேண்டும். அவர் செருப்போடு நடந்து போவார்.

கலியாணத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டும் இங்கே பிறந்து படித்த பிள்ளைகள். யார், என்ன ஆட்கள் என்று விசாரிக்கிற காலமா இது. நான் சாதி பார்க்கிறவன் இல்லை. நான் விசாரிக்கவுமில்லை, ஊரில் இருக்கும் என் மச்சான் தானாகவே போன் எடுத்து, அவர்களுடைய பகுதி எது, தகப்பன் என்ன தொழில் செய்தவர் என்று சொன்னார். கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். சுசீலாதேவிக்கு மட்டும் சொன்னேன். அவள் என் மனைவி, சொல்லாமல் இருக்க முடியாது. அவள் அடுத்த நாள் நீலக் கோடு போட்ட கோப்பை ஒன்றைத் தனியாக எடுத்து, அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். ஸ்ரனிஸ்லாஸ் வந்தால் அதில்தான் தேத்தண்ணி. அது சுகாதாரத்துக்காகச் செய்தது. பன்றி அறுத்த கை.

அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உள்ளங்கை முழுதும் குழம்பு வழியும். மீசையில் ஒரு பருக்கை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் முள்ளைச் சூப்பிச் சூப்பிக் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். சாப்பிட்டு முடிந்ததும் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு எடுப்பார், கடைசியில் பெருவிரல். அந்தச் சத்தம் எனக்கு வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதில் இருக்கும். இந்த அருவருப்புக்கு அரியண்டம் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் இருக்கிறது. அஜந்தினிக்குத் தெரியும்.

கலியாணத்தின் முதல் இரண்டு வருஷமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வருஷத்துக்கு ஆறேழு சாப்பாடு, அவ்வளவுதானே. பிறகுதான் துவாரகா வந்தாள். என் பேத்தி. பெயர் நான் வைத்தது. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என் சுண்டுவிரலைப் பிடித்தாள், விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான ஒன்றை நான் தொட்டதில்லை.

ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்ட, எங்கள் பேச்சில் தீத்த, தொடங்கினார்கள். பெப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரனிஸ்லாஸ் வீட்டில். அபிதாவும் றொனிஷனும் வேலைக்குத் திரும்பிவிட்டதால் பகல் நேரத்தில் பிள்ளை பெரும்பாலும் அங்கேதான். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சோறும் கரட்டும் மசித்தார். கரண்டியில் எடுத்தார். தன்னுடைய வாய்க்குள் வைத்தார். உதட்டை மூடி, கரண்டியை மெதுவாக வெளியே இழுத்தார். கரண்டியில் இருந்த சோறு பளபளத்தது. அதைக் கொண்டுபோய் என் பேத்தியின் வாயில் வைத்தார்.

"என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"சூடு பாக்கவேணும் எல்லே அண்ணை. பிள்ளைக்கு வாய் வெந்திடும்."

கரட் துண்டு ஒன்று சரியாக மசியவில்லை. அதைத் தன் கடைவாயில் போட்டுக் கடித்து, விரலால் எடுத்து, பிள்ளைக்குக் கொடுத்தான். துவாரகா சிரித்தாள். இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். நான் எழும்பிப் போய்க் குளியலறையில் தண்ணியைத் திறந்துவிட்டு ஓங்காளித்தேன். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எச்சில் என்பது உங்களுக்குத் துப்பல் மட்டும்தான். எங்களுக்கு அது ஒருவன் வாய் பட்ட எல்லாம். கோப்பை, கரண்டி, பாதி கடித்த பிஸ்கற் எல்லாவற்றிலும் அவன் இருக்கிறான். அது வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பிள்ளையின் உடம்பில் நாளுக்கு மூன்று தடவை அவனுடைய எச்சில் சேர்ந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அபிதாவிடம் சொன்னேன். அவள் எனக்கு எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். போதும் அப்பா, எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், மாமா பிள்ளையை உயிராய்ப் பார்க்கிறார் என்றாள். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற தாதியிடம் நானே கேட்டேன். பெரியவர்களுடைய வாய்க் கிருமி பிள்ளையின் பல்லுக்குக் கூடாதுதான், தவிர்த்தால் நல்லது என்று அவர் சொன்னார். படித்த ஒருவர் என் பக்கம். ஆகவே இது என்னுடைய மனப்பிரச்சினை என்று யாரும் எழுதிவிடவேண்டாம்.

தாதி சொன்னதை ஸ்ரனிஸ்லாஸிடமும் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "ஓம் அண்ணை, அது சரிதான்," என்று எழும்பிப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். ஆனால் அடுத்த நாள் மறந்துவிடுவான். ஆகவே நான் அங்கே போகிற ஒவ்வொரு முறையும், "வாயைக் கொப்பளிச்சிட்டுத் தீத்தும்" என்று சொல்லவேண்டியிருந்தது. போகாத நாளில் போன் எடுத்துச் சொன்னேன். சொன்னால் செய்வான். சொல்லாவிட்டால் மாட்டான். அறுபது வயது மனிதனுக்கு வாய் கழுவச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு அருவருப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த மாசிப் பனிக்குள்தான் ஒருநாள் அவன் கேட்டான். "அண்ணை, நானும் உங்களோட துவக்குச் சுட வாறன். வீட்டில குந்தியிருந்து என்ன செய்யிறது. சம்பந்திமார் ஒண்டாய்த் திரிஞ்சால் பிள்ளையளுக்கும் சந்தோசம்."

மறுக்க என்ன காரணம் சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன். என் காரில், என் பக்கத்து இருக்கையில், வழி முழுதும் இனிப்பைச் சப்பிக்கொண்டு வந்தான். கிளப்பில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. இரண்டாம் கிழமையே பிரெபென் அவன் முதுகில் தட்டிக் கதைத்தார். எனக்கு அந்த இடத்துக்கு வரப் பதினொரு வருஷம் எடுத்தது. கிளப்புத் துவக்கை வாங்கிச் சுட்டான். மற்றவர்களைப் பார்த்து அவனும் துணியை வாயில் போட்டுக்கொண்டான். கன்னத்தில் அதக்கி, வெற்றிலை போலச் சப்பி, சொட்டச் சொட்ட வெளியே எடுத்துக் குழாயின் வாயில் வைப்பான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேடிப் போகவில்லை. தானாக வந்தது.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். பிரெபெனும் துணியை வாயில்தான் வைக்கிறார், மற்ற டேனிஷ்காரரும் அப்படித்தான், அது உங்களுக்கு அருவருக்கவில்லையா என்று. இல்லை. பிரெபெனுடைய பியர்ப் போத்தலில் நான் ஒரு மிடறு குடித்தும் இருக்கிறேன், அவர்தான் நீட்டினார், மறுப்பது மரியாதை இல்லை. அவர்கள் ஒழுங்காகப் பல்வைத்தியரிடம் போகிற ஆட்கள். ஸ்ரனிஸ்லாஸும் அதே பல்வைத்தியரிடம்தான் போகிறான் என்று அபிதா ஒருமுறை சொன்னாள். அது எனக்குத் தெரியாது.

மார்ச்சில் அவனுக்குச் சொந்தத் துவக்கு வாங்க அனுமதி வந்தது. பிரெபென் அவனை உட்காரவைத்து, விரலைப் பார்த்து, நீளக் குண்டு சுடு, எழுபத்தொன்று வாங்கு என்று சொல்லியிருக்கிறார். மடங்காத விரலோடு துணி, குண்டு என்று மினக்கெடத் தேவையில்லை, மெழுகுக் குண்டை அப்படியே இறக்கலாம். அது சரியான ஆலோசனை. அவனுக்கு அதுதான் பொருத்தமான குழாய். என்னிடம் முதலில் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, நீலக் கோட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "பிரெபென் சொல்லுறார், கெதியாச் சுத்துற குழாய்தான் எனக்கு நல்லதாம். துணி ஒண்டும் வேண்டாமாம். நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?"

"அவர் உம்மடை விரலை மட்டும் பாத்திட்டார். தோளைப் பாக்கேல்லை," என்றேன். "நீளக் குண்டு பாரம். ஒவ்வொரு வெடிக்கும் தோளில இடிக்கும். உருண்டைக் குண்டு பாரம் குறைவு. நூற்றறுபத்தெட்டு எடும்."

அதில் பொய் இல்லை. தோளில் இடி குறைவுதான். ஸ்ரனிஸ்லாஸ் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு, "என்ரை தோளை யோசிச்சியளே அண்ணை," என்றான். கண் கலங்கிவிட்டது. மூக்கைக் கையாலேயே துடைத்துக்கொண்டான்.

ஒரு தொழிலாளியாக அந்த ஒரு பதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் குழாய் தேர்ந்து கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் பொருத்தமில்லாததைச் சொன்னதில்லை. உங்கள் துவக்கு நிபுணர் அறிக்கையில் அந்தக் குழாயைப் பற்றி என்ன எழுதினாலும் நான் மறுக்கமாட்டேன்.

குழாய் மே மாதம் வந்துசேர்ந்தது. அவன் துணிக்கு என்ன பூசுவது என்று கேட்டான். "உங்களைப் போல மெழுகு காய்ச்சட்டே?" வேண்டாம், எச்சில்தான் நல்லது, சுட்ட கரியை அதுதான் இளக்கும் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. என் வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் பல் தீட்டினேன்.

நான் அவசரப்படவில்லை. யூன், யூலை முழுதும் அவனுக்கு நல்ல துணிதான் வெட்டிக் கொடுத்தேன். புதுப் பருத்தித் துணி வாங்கி, அவித்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, வட்டமாக வெட்டி, இருமல் இனிப்பு வந்த தகர டப்பியில் அடுக்கிக் கொடுப்பேன். அவனுக்குப் பெரிய சந்தோஷம். கிளப்பில் எல்லோருக்கும் காட்டுவான். "எங்கடை சம்பந்தியார் வெட்டினது," என்று தன் உடைந்த டேனிஷில் சொல்வான். அவனுக்கு வேறு யாரிடமும் துணி வாங்கத் தோன்றாமல் போகும்வரை நான் காத்திருந்தேன்.

நஞ்சு என் பழைய வேலையிடத்திலிருந்து வந்தது. எது, எவ்வளவு, எப்படி எடுத்தேன் என்பதெல்லாம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு ஏற்கனவே தெரியும். இந்தத் தாளை வேறு யாரும் வாசிக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதவில்லை. உடனே ஒன்றும் தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் வேலை செய்யும். ஒரு போட்டிக்குப் பதின்மூன்று வெடி. பதின்மூன்று துணி தயாரித்தேன். ஒன்றில் மட்டும் போட்டால் போதாது, பதின்மூன்றும் அவன் வாய்க்குள் போய்வந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

நாளையும் நான் யோசித்துத்தான் எடுத்தேன். ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை கோப்பன்ஹேகனில் றொனிஷனின் சினேகிதனுக்குக் கலியாணம். அபிதாவும் றொனிஷனும் பிள்ளையோடு வெள்ளி பின்னேரமே ரெயினில் போய் ஞாயிறுதான் திரும்புவார்கள். பிள்ளை வைலேயிலேயே இருக்கமாட்டாள். இதற்காக நான் மூன்று சனிக்கிழமைகளைத் தள்ளிப்போட்டேன். என்னைக் கவனமில்லாதவன் என்று நீங்கள் சொல்லக்கூடாது.

வியாழக்கிழமை அபிதா போன் எடுத்தாள். "அப்பா, சனிக்கிழமை வீட்டில நிப்பீங்களா?" என்று இந்த முறை தமிழில் கேட்டாள். ஏதாவது உதவி வேண்டுமென்றால்தான் அவளுக்குத் தமிழ் வரும். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, எனக்குத் துவக்குப் போட்டி என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. என் மனம் துணியில் இருந்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். பத்து மணிக்குத் தொடங்கினோம். ஸ்ரனிஸ்லாஸ் தன் காரில் வந்திருந்தான், எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. டப்பியைக் கொடுத்தேன். திறந்து மணந்து பார்த்து, "புதுத்துணி வாசம்," என்றான். முதல் துணியை வாயில் போட்டான். நான் பக்கத்து மேசையில் நின்று என் மருந்தை அளந்தேன். அவன் கன்னம் உப்பி உப்பி அடங்கியது. உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தான். அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்த அரியண்டத்தை என்னால் முகம் சுளிக்காமல் பார்க்க முடிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது நன்றாக விழுந்தது, ஒன்பதாம் வட்டம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஐந்தாவது துணியை வாயில் போட்டவன் மணிக்கூட்டைப் பார்த்தான். குண்டை எடுக்கவில்லை. துவக்கை உறைக்குள் வைக்கத் தொடங்கினான்.

"என்ன, வெளிக்கிடுறீர்?" என்றேன்.

"ஓம் அண்ணை, நான் போகவேணும். பிள்ளை எங்களோட நிக்கிறா. தடிமன், மூக்கு ஓடுது எண்டு அவையள் கொண்டுபோகேல்லை. மேரிகிறேஸ் பன்ரண்டுக்கு வேலைக்குப் போயிடுவா. நான்தான் சோறு தீத்தவேணும்."

அவன் துணியைக் கன்னத்தின் ஒருபக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு இதைச் சொன்னான். பிறகு அதை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். "நல்ல துணி, வீணாக்கக் கூடாது," என்று சொல்லிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். நாக்கால் உதட்டைச் சுற்றி ஒருமுறை நக்கினான். துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு நடந்தான்.

சுடுமிடத்திலிருந்து கார்கள் நிற்கும் இடத்துக்கு எண்பது மீற்றர் இருக்கும். அவன் மெதுவாக நடக்கிற ஆள். எனக்கு ஒரு முழு நிமிஷத்துக்கு மேல் இருந்தது. இதைத்தான் நீங்கள் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஓம், நான் நினைத்தேன். நாலு துணியும் அரைத் துணியும் அவன் வாயில் ஊறியிருக்கிறது, அந்த வாயால் அவன் கரண்டியைச் சூடு பார்ப்பான் என்று நினைத்தேன். கரட்டைக் கடித்துக் கொடுப்பான் என்றும் நினைத்தேன். வாயைக் கொப்பளிச்சிட்டுத் தீத்தும் என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நூறு தரம் சொன்ன வசனம். அதைச் சொன்னதற்காக ஒருவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க முடியாது. அவனும் வழக்கம்போல ஓம் அண்ணை என்று சொல்லி, அப்படியே செய்திருப்பான்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் ஐந்தாவது வெடிக்கு மருந்தைக் கொட்டினேன். அன்றைக்கு எனக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி. பிரெபென் கைகொடுத்தார். எல்லோரோடும் இருந்து கோப்பி குடித்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மேல்மாடி வீட்டுப் பெண்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டவர். பிள்ளை ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு முன்னமே போய்விட்டாள். பதின்மூன்று மாதம். அவன் பிழைத்துவிட்டான். நாலு வெடியோடு கிளம்பியதால்தான் பிழைத்தான் என்று வைத்தியர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். பிள்ளைக்குச் சோறு தீத்தப் போனது அவனைக் காப்பாற்றியிருக்கிறது. கண் விழித்ததிலிருந்து, "நான் பிள்ளைக்கு என்ன குடுத்தனான், நான் என்ன குடுத்தனான்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அபிதா அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாளாம். என்னைப் பார்க்க வரவில்லை. சுசீலாதேவி வந்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸைக் கொல்ல நினைத்தது நான். அதற்காகவே அவனுக்கு அந்தக் குழாயைத் தேர்ந்து கொடுத்தேன், துணியை வெட்டினேன், நஞ்சில் தோய்த்தேன். நீங்கள் எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் பேத்தியை நான் கொன்றேன் என்று எழுதியிருக்கிற பக்கத்தில் மட்டும் எனக்கு ஒரு திருத்தம் இருக்கிறது.

அவள் வாயில் கரண்டியை வைத்தது என் கை இல்லை. ஏன் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் சொன்னவன் நான். ஒருநாள் சொல்லாமல் விட்டேன். நல்ல குடியில் பிறந்த ஒருவனாக இருந்திருந்தால், யாரும் சொல்லாமலே வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளைக்குச் சோறு தீத்தியிருப்பான்.